பொன்னேரி பஸ்ஸில் போய்ப் பார்த்த தங்கம்

வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவனை வீட்டில் பால் வாங்க அனுப்புவார்கள், பழைய அலுவலகத்தில் பேச அழைப்பார்கள். போன மாதம் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. பால் பாக்கெட்டோடு கடை வாசலில் நின்றபோது எங்கள் பயிற்சிக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளுக்கு, தங்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வங்கிகள் காகிதப் பணம் வெளியிட்ட வரலாற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். ஏன் நான் என்று கேட்டேன். "நீங்கதான் சார் புக்கெல்லாம் படிப்பீங்க" என்றார்கள். வங்கியில் இதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

போனேன். லண்டன் பொற்கொல்லர்களிலிருந்து தொடங்கினேன். திருட்டுக்குப் பயந்தவர்கள் தங்கத்தைக் கொல்லரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டதையும், பிறகு தங்கத்தை எடுக்கப் போகச் சோம்பல்பட்டு ரசீதையே கைமாற்றியதையும், அந்த ரசீதே நோட்டானதையும், கடைசியில் தங்கம் தருவதை நிறுத்திவிட்டு உறுதிமொழியை மட்டும் நோட்டில் விட்டுவைத்ததையும் படம் போட்டு விளக்கினேன். முன்வரிசை தூங்கியது. பின்வரிசை செல்போனில் இருந்தது. நடு வரிசையில் ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, "சார், தங்கத்துக்குப் பதிலா காகிதம் ஓடினதை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வயதைப் பற்றிய கேலி என்று நினைத்திருப்பார்கள்.

பார்த்திருக்கிறேன் என்றேன். எங்கே என்றாள். பொன்னேரி தாலுகாவில் என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது. டீக்கு எதிராக எந்த வரலாறும் நின்றதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்து சில ஊர்களில் கையெழுத்தைச் சுருக்கிப் போடக் கற்றுக்கொண்ட பிறகு, என்னைப் பழவேற்காடு கிளைக்கு மாற்றினார்கள். பஜாரில் ஒரு மாடிக் கட்டடம். ஏரிக்காற்று அடித்தால் வவுச்சர்கள் பறக்கும், கடல்காற்று அடித்தால் ஒட்டிக்கொள்ளும். கணினி வந்திருந்தது, மின்சாரம்தான் அதைப் பார்க்க அடிக்கடி வரவில்லை.

அங்கே மேலாளர் பரிமளா மேடம். திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் நாற்காலியை மேசைக்கு நேராக, கோணல் இல்லாமல் இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்தச் சத்தத்துக்குக் கிளையே நிமிர்ந்து உட்காரும். விதிப் புத்தகத்தை அவர் மனப்பாடம் செய்திருந்தார். பலர் அதை எதையும் செய்யாமல் இருப்பதற்காகப் படிப்பார்கள். மேடம், செய்ய எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் படிப்பார்.

நகைக்கடன் எங்கள் முக்கியத் தொழில். நகையை மதிப்பிடும் அப்ரைசர் ஆசாரி பொன்னேரியிலிருந்து வருவார். நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தரம் தெரிந்த தன் மாற்று ஊசியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டிலும் ஆசிட் தொட்டு வைத்துவிட்டு, எந்தக் கோடு முதலில் மங்குகிறது என்று மூச்சுவிடாமல் பார்ப்பார். பிறகு எடை. கல்லுக்கும் அரக்குக்கும் கழிவு. நகை ஒரு துணிப்பைக்குள் போகும். பையின் வாயில் எண் அட்டை கட்டி, அரக்கு உருக்கி முத்திரை. நகையை வைத்தவருக்கு அவர் பேரில் ஒரு நகைச் சீட்டு. இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று மேடத்திடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். தனியாக என்னால் என் டிபன் பாக்ஸைத்தான் திறக்க முடியும் என்று என் மனைவி சொல்வாள். அதுவும் சில நாள் முடியவில்லை.

வந்த புதிதில் ஒன்று எனக்குப் புரியவில்லை. உலகத்தில் எல்லா ஊரிலும் கடன் கேட்பவர்கள் கூடக் கேட்டு மல்லுக்கட்டுவார்கள். இங்கே குப்பத்துப் பெண்கள் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டினார்கள். கனமான ஆரத்தை வைத்துவிட்டு, "அவ்ளோ துட்டு வோணா சார், ஒரு எரநூறு குடு" என்பார்கள். நான் கணக்குப் போட்டு, இதற்கு இவ்வளவு தரலாம் அம்மா என்று காட்டினால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மேடத்திடம் கேட்டேன். "அவங்க கடன் வாங்க வரல சார். நகையை இங்கன தூங்கப் போட வர்றாங்க" என்றார். ஓலைக்கூரை தீப்பிடிக்கும். கடல் உள்ளே வரும். இரண்டும் வராத மாதத்தில் குடிக்கிற புருஷன் வருவான். எங்கள் கிளையில் லாக்கர் கிடையாது. எரநூறு ரூபாய்க்கு வட்டி கட்டினால், துப்பாக்கி வைத்த காவலாளியோடு ஓர் இரும்புப் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. பாதுகாப்புக்காகத் தங்கத்தைக் கொடுத்து ஒரு காகிதம் வாங்கிக்கொள்கிறார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் லண்டன் பொற்கொல்லர்களைப் பற்றி வீட்டில் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்த வருஷ மழையில் பெட்டி அறைச் சுவர் ஊறிப் பெயர்ந்தது. பழுதுபார்க்கும் வரை நகைகளைப் பொன்னேரி கிளையின் பெட்டக அறையில் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்து திட்டம் போட்டார். ஊர் கண்ணில் படக்கூடாது, ஆகவே விடியும் முன்னால், ஊர் தூங்கும்போது எடுத்துப் போக வேண்டும் என்றார். நாங்களும் தலையாட்டினோம். வேனில் பெட்டிகளை ஏற்றும்போது நிமிர்ந்து பார்த்தால், பஜார் முழுக்க ஆட்கள். இறால் எடை போடுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், கூடையோடு பெண்கள், டீக்கடையில் நிற்க இடமில்லை. படகுகள் கரை சேரும் நேரம் அது. மீன்பிடிக்கிற ஊரில் ஊர் தூங்கும் நேரம் என்று ஒருவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, அந்த ஊரின் பகல் பத்து மணி.

வேன் பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் செய்தி எல்லாக் குப்பத்துக்கும் போய்விட்டது. பாங்கு நகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதாம்.

காலையில் கதவைத் திறந்தபோது வரிசை மாடிப்படியில் இறங்கி, பஜாரைக் கடந்து, மீன் ஏலக்கூடம் வரை போயிருந்தது. அத்தனை பேரும் கையில் நகைச் சீட்டு. தங்களை விட்டுப் போன காதலனின் கடிதம் போல அதைப் பிடித்திருந்தார்கள்.

முதலில் வந்தவர்களில் ஒருத்தி கோட்டைக்குப்பம் அஞ்சலை. அவளுடைய ஆரம் எங்களிடம் இருந்தது. எங்கள் பெட்டியிலேயே கனமானது அதுதான். சீட்டு தொலைந்துவிட்டது, நகையை எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். என்னைப் பார்க்காமல் என் பின்னாலிருந்த காலண்டரைப் பார்த்துக் கேட்டாள். சீட்டு தொலைந்ததற்கான ஃபாரத்தைக் கொடுத்து, எழுதிக் கொண்டுவரச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் லைட்ஹவுஸ் குப்பம் கன்னியம்மா வந்தாள். கருவாட்டு வியாபாரம் செய்கிறவள், புருஷன் இல்லை, ஏழுமலை என்று ஒரே மகன். ஒரு பிளாஸ்டிக் கவரை என் மேசையில் கவிழ்த்தாள். ஏழெட்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூட அவள் பேரில் இல்லை. மேலேயே இருந்தது அஞ்சலையின் சீட்டு.

"இன்னாம்மா இது, எல்லாம் வேற வேற பேர்ல கீது?" என்றேன். அந்த ஊரிலேயே இருந்திருந்து என் பேச்சும் அப்படி ஆகிவிட்டது.

"பேரு அவங்களுது சார். நகை என்னுது."

பிறகு அவளே விளக்கினாள். சில வருஷமாகவே குப்பத்தில் சீட்டுதான் ஓடுகிறது. பெரிய படகு ஒன்று அஞ்சலை வீட்டு வலையை அறுத்துவிட்டது. புது வலைக்குக் கன்னியம்மா பணம் கொடுத்தாள்; அதற்கு ஈடாக அஞ்சலை சீட்டைக் கொடுத்துவிட்டாள். நகையை மீட்டு விற்று, செய்கூலி சேதாரம் இழந்து, பணத்தை எண்ணிக் கொடுப்பதற்குச் சீட்டையே கொடுப்பது சுலபம். வாங்கியவள் இன்னொருத்திக்குக் கொடுப்பாள். இந்தக் கவரில் இருக்கிற சீட்டுகளில் சில, நான்கு குப்பம் பார்த்து வந்தவை.

எனக்குப் புல்லரித்தது. லண்டனில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது என் கவுன்ட்டருக்கு முன்னால் நடந்திருக்கிறது, நான் அதன் மேல் ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மேடத்தின் அறைக்கு ஓடினேன். "மேடம், நம்ம சீட்டுதான் இங்க நோட்டு. நாம நோட்டு அடிச்சிட்டிருக்கோம். இப்ப வெளிய நிக்கிறது, வரலாற்றுல..."

"வரலாறு அங்கனயே இருக்கட்டும் சார். அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். கோட்டைக்குப்பம் தேசப்பன் தன் ஃபைபர் படகை இன்ஜினோடு அவளுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். விலை, இந்தக் கவர். நேற்றுவரை சம்மதம். இன்று காலை ஆளனுப்பிவிட்டார்: எங்க நைனா காலத்திலிருந்து நான் யாரையும் ஏமாற்றியதில்லை, ஆனால் ஓடிப்போன பாங்கின் காகிதத்துக்குப் படகு தர முடியாது, தடா பக்கத்திலிருந்து ஒருவன் ரொக்கத்தோடு வருகிறான், வார முடிவுக்குள் தங்கத்தைக் கண்ணில் காட்டினால் படகு உனக்கு. படகு இல்லாவிட்டால் ஏழுமலை மங்களூருக்கு விசைப்படகில் கூலிக்குப் போவான். முன்பணம் வாங்க, ஆள் சேர்க்கிற கங்காணி வரச்சொல்லிவிட்டார். "போனவன் எவன் திரும்பி வந்தான் சார்" என்றாள் கன்னியம்மா. எங்கள் விதிப்படி அவளுக்கு ஒரு குண்டுமணித் தங்கமும் கிடையாது. சீட்டில் யார் பேரோ அவர்தான் நேரில் வர வேண்டும்.

அதைவிட மோசமான ஒன்று என் மண்டையில் அப்போதுதான் இறங்கியது. அஞ்சலை ஃபாரத்தை எழுதிக் கொடுத்தால், நகை அவளுக்குப் போகும். வலைக்குப் பணம் வாங்கிய பிறகு தங்கத்தின் விலை வேறு ஏறியிருந்தது. கன்னியம்மாவின் கையில் இருக்கிற பெரிய நோட்டு வெறும் காகிதமாகிவிடும். அது போனால் மீதிச் சீட்டுகள் படகு விலையில் பாதியைக்கூடத் தொடாது.

மேடத்திடம் சொன்னேன். நாற்காலியை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் படியிறங்கி வரிசைக்குப் போனார். நகையெல்லாம் பொன்னேரியில் இருக்கிறது, இங்கே சுவர் ஊறிவிட்டது, நம்பாதவர்கள் மாடிக்கு வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கலாம் என்றார். சிலர் உண்மையிலேயே வந்து தொட்டுப் பார்த்தார்கள். அதோடு, தன் பேரில் இருக்கிற நகைப் பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, வியாழக்கிழமை எல்லோரும் பொன்னேரிக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்றார். அந்த விதியை அதற்கு முன் யாரும் படித்திருக்கவில்லை, நான் உட்பட.

பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டார். கன்னியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபாரத்தின் அடிப்பகுதியை விரலால் காட்டினார். "சீட்டு தொலைஞ்சது எங்களுக்குத் தெரியும்னு ரெண்டு பேர் கையெழுத்து போடணும். உங்க பக்கத்து ஆளுங்களா இருக்கணும். வெளிய எல்லாரும்தானே நிக்காங்க, வாங்கிட்டு வாங்க."

அஞ்சலை போனாள். நான் குடிநீர்ப் பானையைப் பார்க்கிற சாக்கில் வாசலுக்குப் போனேன். அவள் ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டு வரிசை நெடுக நடந்தாள். ஒவ்வொருத்தி முன்னாலும் கொஞ்சம் தயங்கினாள், கேட்கவில்லை. சீட்டு யாரிடம் இருக்கிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். நடந்து நடந்து திரும்பி, படியில் கவரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த கன்னியம்மாவிடமே வந்து நின்றாள்.

"இன்னாடி கையில?"

"ஃபாரம்க்கா."

"இன்னா ஃபாரம்?"

அஞ்சலை உள்ளதைச் சொன்னாள். "சீட்டு தொலைஞ்சிடிச்சினு எழுதிக் குடுத்தா நகை குடுப்பாங்களாம்."

"தொலைஞ்சிடிச்சா?"

"உன்கிட்டதான கீது."

"அப்ப அத்த எழுது."

படியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரு வோணும்னாங்களா? குடு, நானே கைநாட்டு வெக்கிறேன். என்னைவிட நல்லா யாருக்குடி தெரியும், அது எங்க கீதுனு?"

கட்டை விரலை நீட்டியும் விட்டாள்.

அஞ்சலை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்துவிட்டது. "பாங்கே ஓடிப்போச்சுனு சொன்னாங்கக்கா. எல்லாமே பூட்ச்சி, ஒண்ணாவது மிஞ்சட்டும்னு வந்துட்டேன். உன்ன நெனைக்கல."

"நெனைச்சிருந்தா வந்திருக்க மாட்ட. அதாண்டி உன்மேல எனக்குக் கோவம்" என்றாள் கன்னியம்மா.

அஞ்சலை மேலே வந்து ஃபாரத்தை மேடத்தின் மேசையில் வைத்தாள். "வோணா மேடம். சீட்டு அக்காகிட்ட கீது." மேடம் சரி என்று மட்டும் சொல்லி அதைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பொன்னேரிக்கு வருகிறவர்களின் பேரை அதிலேயே எழுத ஆரம்பித்தார். முதல் பேர் அஞ்சலை.

வியாழக்கிழமை பழவேற்காட்டிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் தங்கத்தைப் பார்க்கப் போகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. கன்னியம்மாவின் கவரிலிருந்த சீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு. அஞ்சலை வந்தால் தாங்கள் எப்படி வராமலிருப்பது என்று யோசித்திருக்கலாம். தேசப்பன் தனி சீட்டில், படகின் உரிமையாளருக்கான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நானும் ஆசாரியும் பேரேடு, முத்திரை, அரக்கு, தராசு எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு கல்யாண சமையல்காரர்களைப் போல வந்தோம்.

பொன்னேரியில் மேடமும் நானும் எங்கள் பெட்டியை இரண்டு சாவியையும் போட்டுத் திறந்தோம். பைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முத்திரையை உடைக்கும் முன்னால் பேர்க்காரியிடம் காட்டினோம். பிறகு தட்டில். பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போனார்கள். ஒருத்தி, "என் செயினு இவ்ளோ சன்னமாவா இருந்திச்சி" என்றாள். மனசில் வைத்திருந்த தங்கம் வட்டி போட்டுக் குண்டாகியிருக்கிறது. பார்த்துவிட்டு, "சரி சார், உள்ள வெய்யி" என்றார்கள். அன்று ஒருத்தியும் நகையை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அஞ்சலையின் முறை. கன்னியம்மா அந்தச் சின்னக் கடனையும் வட்டியையும் கட்டினாள். அஞ்சலை கையெழுத்துப் போட்டாள். விதிப்படி ஆசாரி ஆரத்தை அவள் கையில் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் அது சட்டப்படி அவளுடையது. கடன் இல்லை, சீட்டும் ரத்து. அவள் அதோடு வாசலைப் பார்த்து நடந்திருந்தால் நான், மேடம், துப்பாக்கிக்காரர் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மேடம் நாற்காலியைப் பிடித்தார், இழுக்கவில்லை.

அஞ்சலை ஆரத்தைக் கன்னியம்மாவின் கழுத்தில் போட்டாள். கொக்கியை மாட்ட வரவில்லை. "மெதுவாடி, முடி மாட்டுது" என்றாள் கன்னியம்மா.

போட்டுக்கொண்டு நின்ற கொஞ்ச நேரமும் அவள் கழுத்தை அசைக்கவில்லை. பிறகு கழற்றி ஆசாரியிடம் நீட்டி, "என் பேர்ல வெச்சிடு நைனா. குறுகுறுனுது" என்றாள். மறுபடி உரைகல், ஆசிட், எடை, பை, அரக்கு. அதே ஆரம், அதே பெட்டி, புதுச் சீட்டு. மற்ற சீட்டுகளையும் அப்படியே மாற்றினோம்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தேசப்பனிடம் மேடம், நகையை மீட்டு உங்களிடமே தந்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டார். தேசப்பன் பதறிவிட்டார். "நகைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது மேடம்? எங்க வூடும் ஓலைதான். சீட்டு குடுக்கச் சொல்லு, போதும்."

"அப்ப இப்படி உக்காருங்க. உங்க பேருக்கே மாத்தித் தாரேன்" என்றார் மேடம்.

அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது. மாதத்தில் ஒரு நாள், சீட்டு கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து கிளைக்கு வருவார்கள். பழைய கணக்கை முடித்துப் புதுப் பேரில் தொடங்குவோம். ஒவ்வொரு படியும் விதிப்படி. லண்டனில் இந்த மாதிரி வேலைக்குத் தனிக் கட்டடம் கட்டினார்களாம். நாங்கள் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டோம்.

படகு அந்த வாரமே கைமாறியது. ஏழுமலை மங்களூர் போகவில்லை. இப்போது பழவேற்காட்டில் சீட்டும் கிடையாது, நகை வைத்தால் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதைக் கைமாற்ற முடியுமா என்று ஏழுமலையின் மனைவி புது மேனேஜரிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். இவர்களிடம் எனக்கு நம்பிக்கை உண்டு, வழி கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது வியாழக்கிழமை திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றி. பெண்களுக்கு இலவசப் பயணம் வராத காலம். அஞ்சலை தனக்கும் கன்னியம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். கன்னியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டரிடம் சில்லறை இல்லை. வழக்கம் போல டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். அஞ்சலை பாதி வழியில் கோட்டைக்குப்பம் பிரிகிற இடத்திலேயே இறங்க வேண்டியிருந்தது. கண்டக்டர் பின்பக்கக் கூட்டத்தில் மாட்டியிருந்தார்.

அவள் டிக்கெட்டைக் கன்னியம்மாவிடம் நீட்டினாள். "நீ வாங்கிக்கக்கா."

கன்னியம்மா அதை வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கவில்லை. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "போய்ட்டு வாடி" என்றாள்.